ஏழு தண்ணீர்

ராடோம், போலந்து
14-9-1980

அன்புள்ள அண்ணனுக்கு சம்பந்தம் வணங்கி எழுதுவது. உங்கள் ஆசியில் குறைவில்லாமல் இருக்கிறேன். அண்ணிக்கு முட்டிவலி குறைந்ததா? குழந்தை சந்திரா அழாமல் பள்ளிக்கூடம் போகிறாளா?

தோல் படிப்பில் ஆறு மாதம் ஓடிவிட்டது. சுண்ணாம்புக் குழியைப் பலகையில் படம் போட்டு விளக்குகிறார்கள். அந்தக் குழியில் இடுப்பளவு இறங்கி நின்ற அண்ணன் எனக்கு இருக்கிறார் என்று சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

விடுதியை விட்டுவிட்டு ஒரு வீட்டில் அறை எடுத்திருக்கிறேன். வீட்டுக்காரர் பெயர் லுத்விக் ஸவாட்கா. இங்கே பெரியவர்களை 'பான்' போட்டுக் கூப்பிட வேண்டும், நம் ஊரில் 'ஐயா' என்பது போல. அறுபத்தெட்டு வயது, தனிக்கட்டை, ஓவியர். இருப்பது இரண்டே அறை. ஒன்றில் நான். இன்னொன்றில் அவர் வரைந்த மனிதர்கள். அவர் சமையலறையில் படுக்கிறார்.

மற்ற ஓவியர்கள் கட்டமும் கோடுமாகப் போட்டுப் பெயர் வாங்கிக்கொண்டிருக்க, இவர் யுத்தம் முடிந்த நாளிலிருந்து மனித முகத்தை விட்டு நகரவில்லை. இவர் பிறந்ததும் தோல் பதனிடுகிற தெருவில்தான். நாற்பது வீடு. யுத்தம் முடிந்து திரும்பியபோது மூன்று வீட்டில்தான் ஆள் இருந்தார்களாம். மீதிப் பேரை நினைவிலிருந்து வரைந்துகொண்டே இருக்கிறார். "நீங்களும் கட்டம் போட்டால் என்ன?" என்று கேட்டேன். "கட்டத்தைப் பார்த்து, இவர் எங்கள் தெருக்காரர் ஆயிற்றே என்று யாராவது சொல்வார்களா?" என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே கடைகளில் எதுவும் கிடைப்பதில்லை. சர்க்கரைக்கு வரிசை, சோப்புக்கு வரிசை. ஓவியத் துணியில் வண்ணம் தீட்டுவதற்கு முன்னால் தோல் பசை காய்ச்சிப் பூச வேண்டும், குடியாத்தத்தில் பாவுக்குக் கஞ்சி போடுவார்களே, அப்படி. அந்தப் பசை ஒரு வருஷமாக இல்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "இது வச்சிரம் அல்லவா? எங்கள் ஊர் டேனரியில் சீவிப் போடுகிற சவ்விலிருந்து காய்ச்சுவதுதானே? அதைக் காக்காய் தின்கிறது" என்று சொல்லிவிட்டேன். மனுஷர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

கொஞ்சம் காய்ச்சி அனுப்ப முடியுமா? சந்தைச் சரக்கு வேண்டாம். அப்பா காய்ச்சுகிற முறையில் உங்கள் கையால் காய்ச்சியது வேண்டும்.

தங்கள் தம்பி,
சம்பந்தம்


ஆம்பூர்
12-10-1980

தம்பி சம்பந்தத்துக்கு ஆயுளும் அறிவும் பெருக வேண்டி அண்ணன் காசிநாதன் எழுதுவது. மழை இல்லை, மற்றபடி ஊரில் குறை இல்லை. அண்ணியின் முட்டி அவளைவிட அதிகம் பேசுகிறது. சந்திரா உனக்கு ஒரு முத்தம் தருகிறாள். கலர் பென்சில் அனுப்பினால் இன்னொன்று தருவாளாம்.

படிக்கப் போன இடத்தில் வச்சிர வியாபாரமா? இருந்தாலும் கேட்டுவிட்டாய். சுண்ணாம்பில் ஊறிய தோலைச் சீவும்போது விழுகிற சவ்வில் நல்லதாகப் பொறுக்கி, ஏழு நாள் ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவினேன். அப்பா சொல்வாரே, 'ஏழு தண்ணி பாக்காத வச்சிரம் ஏமாத்திப்புடும்' என்று. கொதிக்கவிடாமல் காய்ச்சி, வலையில் உலர்த்தி, அரைக் கிலோ பார்சல் கட்டிவிட்டேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது, பார்.

தண்ணீர்தான் பேஜார். வேலாயுதம் கிணறு டேனரிக்குப் பின்னால், நம் வீட்டிலிருந்து இரண்டு கொல்லை தள்ளித்தானே, அங்கே கழுவலாம் என்று போனேன். "இதுலயா கழுவப் போற? வாயில வெச்சிப் பாருடா" என்றான். கரித்தது. இரண்டு வருஷமாகவே இப்படித்தானாம். கடைசியில் அவனே ஏழு நாளும் பாலாற்று ஊற்றிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். உன் ஓவியர் பெயரைச் சொன்னேன். "இன்னாடா பேரு அது, நாக்கு சுளுக்கிக்கும் போலருக்கே" என்று சிரித்தான்.

அவன் தென்னையெல்லாம் குரும்பை கொட்டுகிறது. டேனரிக் கழிவுதான் காரணம் என்று கலெக்டருக்கு மனு கொடுக்கப் போகிறான். அப்துல் வஹாப் வாத்தியார் எழுதித் தருகிறார். "நீ அங்க மேஸ்திரியாச்சே, உனக்குக் கோவம் வருமா?" என்று என்னிடமே வந்து கேட்டான். "குடுடா, நியாயம் உன் பக்கம்" என்றேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து தோஸ்த். வேறு என்ன சொல்வேன்?

முதலாளி உன்னை விசாரித்தார். அவர் சிபாரிசால்தான் நீ அங்கே இருக்கிறாய், வருஷா வருஷம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை நீளும். அவருக்கு இரண்டு வரி எழுது.

வேளைக்குச் சாப்பிடு.
காசிநாதன்


ராடோம்
30-11-1980

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அண்ணி பின்னிக் கொடுத்த கம்பளிதான் காப்பாற்றுகிறது. வீட்டில் அனைவரும் சுகம்தானே?

பார்சல் வந்தது. பான் லுத்விக் ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், நாக்கில் வைத்தார். பிறகு என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். தாடி குத்தியது. இப்படிப்பட்ட பசையை யுத்தத்துக்கு முன்னால் பார்த்ததாம்.

அடுத்த நவம்பரில் இந்த ஊர்க் காட்சிக்கூடத்தில் அவருடைய ஓவியங்களை வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு கிடைத்த இடம். ஆள் உயரத்தில் ஏழு படம், அவர் தெருவின் ஏழு பேர். அனேகமாக இதுதான் கடைசி, அண்ணா. கை நடுங்குகிறது. காலையில் இரண்டு மணி நேரம்தான் வரைய முடிகிறது.

அனுப்பியது மூன்று துணிக்குச் சரியாக இருக்கும். இன்னும் ஒரு கிலோ வேண்டும். வாணியம்பாடி ரஷீத் அஹமது சாயபு தோல் வியாபாரமாக பிப்ரவரியில் வார்சாவுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்து அனுப்புங்கள்.

தண்ணீர் சுமந்த வேலாயுதம் அண்ணனுக்கு நன்றி சொல்லச் சொன்னார் பான் லுத்விக். பெயரை இரண்டு நாள் பழகினார். இவர் நாக்கும் சுளுக்கிக்கொண்டது.

தங்கள்,
சம்பந்தம்


ஆம்பூர்
1-2-1981

தம்பி சம்பந்தத்துக்கு அண்ணன் ஆசிகள். எல்லோரும் நலம்.

ஒரு கிலோ வச்சிரம் முறைப்படி காய்ச்சி ரஷீத் அஹமது சாயபு கையில் கொடுத்தாயிற்று. ஏழு தண்ணீர் பார்த்தது. நிறம் கொஞ்சம் மங்கல். பனிக்காலம் அல்லவா, காயத் தாமதம்.

மனு விஷயமாகப் பொங்கலுக்கு முன்னால் தாசில்தார் வந்து கிணற்றைப் பார்த்தார். ஊரில் சிலரை விசாரித்தார். அது முடிந்துபோனது. நீ அதைப் பற்றி யாருக்கும் எழுத வேண்டாம்.

முதலாளி உன் நீட்டிப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். ஒரு கவலையும் இல்லாமல் படி.

வேலாயுதத்துக்கு வேலை ஜாஸ்தி. பார்க்கும்போது நன்றியைச் சொல்கிறேன்.

காசிநாதன்


ராடோம்
26-4-1981

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். நலமாக இருக்கிறேன். உங்கள் கடிதம் சுருங்கிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லையே? வேலாயுதம் அண்ணனுக்கு நான் போட்ட பொங்கல் வாழ்த்துக்கும் பதில் இல்லை.

முதல் பசையில் மூன்று துணி, புதுப் பசையில் நான்கு துணி, எல்லாம் தயார். பான் லுத்விக் தினமும் காலை ஏழு மணிக்கே படத்துக்கு முன்னால் போய் நின்றுவிடுகிறார். கடைசிப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது யூசெஃப் என்பவர். தெருவில் மிஞ்சிய மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரர், இவருடைய பால்ய சிநேகிதர். 1951-ல் ஒரு தோல் தொழிற்சாலைச் சுவருக்கு, சிரித்துக்கொண்டு வேலை செய்யும் தொழிலாளர்களை வரையச் சொல்லி அரசாங்க உத்தரவு வந்திருக்கிறது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அங்கே தோல் சீவும் இயந்திரம் யூசெஃபின் வலது கையில் நான்கு விரலை எடுத்திருந்தது. இவர் கையை இருந்தபடியே வரைந்திருக்கிறார். அதிகாரி வந்து பார்த்துவிட்டு, "எங்கள் தொழிற்சாலையில் விரல் போகாது" என்றாராம். இவர் ஐந்து விரலும் போட்டுவிட்டார்.

திறப்பு விழாவுக்கு யூசெஃப் வந்திருக்கிறார். படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாராம். பிறகு வலது கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டாராம். அதோடு பேச்சு நின்றது. அன்று முதல் வருஷம் ஒரு தடவை அந்தக் கையை விரல் இல்லாமல் வரைகிறார் பான் லுத்விக். இது முப்பதாவது.

"நீங்கள் போய்ப் பேசியிருக்கலாமே" என்றேன். தூரிகையைத் துடைத்துவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். நான் கேட்டிருக்கக் கூடாது.

தங்கள்,
சம்பந்தம்


ஆம்பூர்
10-6-1981

தம்பிக்கு ஆசிகள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. வெயில் கொளுத்துகிறது. சந்திராவுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது, பயப்படாதே.

உன் ஓவியரிடம் அப்படிக் கேட்டது தப்பு. மேலே இருப்பவன் சொன்னால் கை அவனவன் கையாக இருக்குமா? இவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வேறு ஒருத்தன் வந்து ஐந்து விரலும் போட்டிருப்பான். போன விரல் அதனால் முளைத்துவிடுமா? இவருக்கும் சாப்பாடு இருக்கிறது, இவரை நம்பி யாராவது இருந்திருப்பார்கள். படித்தவர்களுக்கு இதெல்லாம் புரிவதில்லை.

அந்த யூசெஃப் பிறகு என்ன ஆனார்? எப்போதாவது பேசினாரா? கேட்டு எழுது.

வேலாயுதம் மாட்டை விற்றுவிட்டான். பயிர் எடுபடவில்லை. இப்போது நம் டேனரியிலேயே சுண்ணாம்புக் குழியில் வேலை செய்கிறான். நான்தான் சேர்த்துவிட்டேன். காலையில் பேர் கூப்பிடும்போது, "இருக்கேன் மேஸ்திரி" என்கிறான். மற்றவர்கள் முன்னால் மரியாதை கொடுக்கிறான் போலிருக்கிறது.

அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

காசிநாதன்


ராடோம்
25-10-1981

அண்ணனுக்கு வணக்கம். நான் சுகம். இந்தக் கடிதத்தை மூன்று தரம் கிழித்துவிட்டு எழுதுகிறேன்.

இந்த மாதம் விடாத மழை. வீட்டைச் சூடாக்கும் குழாயை இன்னும் திறக்கவில்லை, சுவரெல்லாம் ஈரம். போன வாரம் காலையில் பான் லுத்விக் என்னைக் கூப்பிட்டார். நான்கு படங்களில் முகமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. துடைத்தால் போகிறது, மறுநாள் திரும்ப வருகிறது. இப்போது வண்ணம் செதில் செதிலாக உதிர்கிறது. யூசெஃபின் கை முழுவதும் தரையில் கிடந்தது. அவர் குனிந்து துண்டுகளைக் காகிதத்தில் பொறுக்கினார். நடுக்கத்தில் பாதி கீழே விழுந்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்றார்.

அந்த வெள்ளையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எனக்குத் தெரிந்த ருசிதான். மிச்சமிருந்த வச்சிரத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோய்க் கரைத்து, வெள்ளி நைட்ரேட் இரண்டு சொட்டு விட்டேன். பால் மாதிரி ஆகிவிட்டது. உப்பு அண்ணா, அவ்வளவும் உப்பு. நீங்கள் முதலில் அனுப்பிய பசை பூசிய மூன்று படமும் பளிங்குபோல் இருக்கிறது.

காட்சி திறக்க நான்கு வாரம் இல்லை. மறுபடி வரைய அவரால் ஆகாது.

இரண்டாவது தடவை எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

யூசெஃபைப் பற்றிக் கேட்டீர்களே, நானும் கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

சம்பந்தம்


ஆம்பூர்
15-11-1981

தம்பிக்கு ஆசிகள். உன் கடிதம் கண்டு வருத்தம்.

நடந்தது இதுதான். உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலின் ஓரத் துண்டுகள் சவ்வோடு கலந்துவிட்டன. பொறுக்குவதற்கு வைத்த ஆள் கவனமில்லாதவன். அவனைக் கண்டித்துவிட்டேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. தாசில்தாரே அப்படி எழுதி வைத்திருக்கிறார். பெரியவரிடம் என் வருத்தத்தைச் சொல்.

காசிநாதன்

(அதே உறையில், நோட்டுப் புத்தகத் தாளில்)

தம்பி, நான் செல்லம்மா எழுதறேன். உங்கண்ணன் தபால் பெட்டில போடச் சொல்லிக் குடுத்த கவரைப் பிரிச்சிட்டேன். அஞ்சாவது படிச்ச எழுத்து, தப்பு இருந்தா பொறுத்துக்கோ.

அவரு எழுதனது பொய். தாசில்தார் வந்த அன்னிக்குக் காலைல மொதலாளி கூப்ட்டு அனுப்பினாரு. "உன் தம்பி காயிதம் மேசை மேல இருக்குது காசி, இன்னும் கையெழுத்துப் போடல"ன்னாராம். வேற ஒண்ணும் சொல்லலியாம். கெணத்தாண்ட ஊரே நிக்குது. உங்கண்ணன் ஒரு சொம்பு மொண்டு குடிச்சாரு. "எளநி மாதிரி இருக்குதுங்க, சின்ன வயசுலேர்ந்து குடிக்கறேன்"னாரு. தாசில்தார் நம்பாத மாதிரி பாத்தாரு. ரெண்டாவது சொம்பும் குடிச்சாரு. தாசில்தார் நீட்டன காயிதத்துல கையெழுத்தும் போட்டாரு. வேலாயுதம் துண்ட ஒதறித் தோள்ல போட்டுகினு போய்ட்டாரு. இவரு வூட்டுக்கு வந்து கொல்லைப் பக்கம் ஒக்காந்து வாந்தி எடுத்தாரு.

வச்சிரத்துக்கு ஆத்துத் தண்ணி எடுத்தாறேன்னு சொன்னேன் தம்பி. "அந்தத் தண்ணி நல்லதுன்னு கையெழுத்துப் போட்டவன் ஆத்துக்குப் போனா ஊரு சிரிக்காதா"ன்னு கத்தினாரு. எல்லாரும் பாக்கட்டும்னு ஏழு நாளும் அந்தக் கெணத்துலயே கழுவினாரு. குடிக்கிற தண்ணி மட்டும் நான்தான் ஆத்துலேர்ந்து கொண்டாறேன், கொடத்து மேல துணிமூட்டைய வெச்சி, துவைக்கப் போயி வர்ற மாதிரி.

ஏழு தண்ணி பாத்தது நெசம்தான். ஏழும் உப்பு.

நீ அவரக் கோவிச்சிக்காத. கோவிச்சிக்காமயும் இருக்காத. எனக்குச் சொல்லத் தெரியல.


ராடோம்
10-12-1981

அண்ணனுக்கு,

அண்ணி எழுதிவிட்டார்கள். அவர்களை ஒரு வார்த்தை சொன்னீர்கள் என்று தெரிந்தால் நான் ஊருக்கு வர மாட்டேன்.

காட்சி மூன்று படத்தோடு திறந்தது. மீதி நான்கு இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. பார்க்க வந்தவர்கள் ஆணியைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரை நின்றார். நான் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்படி உப்பு வந்தது என்று கேட்டபோது, ரஷீத் அஹமது சாயபுவின் பெட்டி கடல் தண்ணீரில் நனைந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவர் விமானத்தில் வந்தார் என்பது பான் லுத்விக்குக்குத் தெரியும். தலையை மட்டும் ஆட்டினார். ஒரு பாவமும் அறியாத மனிதர் மேல் பழி போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நம் இரண்டு பேருக்கும் ஒரே ரத்தம்தான்.

எனக்காகத்தான் குடித்தீர்கள் என்று தெரிகிறது. அப்படியானால் அந்த இரண்டாவது சொம்பு நான் குடித்தது. உதவித்தொகைப் பணத்தில் ரொட்டி வாங்கும்போதெல்லாம் கரிக்கிறது. இனி அந்தக் கையெழுத்துக்காக எதுவும் செய்யாதீர்கள். வேண்டாம்.

சம்பந்தம்


ஆம்பூர்
28-3-1982

தம்பி சம்பந்தத்துக்கு,

உன் டிசம்பர் கடிதம் முந்தாநாள்தான் வந்தது. ஓரம் பிரித்து ஒட்டி, மேலே ஏதோ முத்திரை குத்தியிருந்தது. நீ இருக்கிற நாட்டில் ராணுவச் சட்டம் என்று ரேடியோவில் சொன்னதிலிருந்து தபால்காரர் சுந்தரமூர்த்தியைத் தினமும் வழிமறித்தேன். "வந்தா குடுக்க மாட்டனா மேஸ்திரி?" என்று சலித்துக்கொண்டார். நீ உயிரோடு இருக்கிறாயா என்று தெரியாமல் மூன்று மாதம் போனது.

கடிதத்தை எவனோ அதிகாரி பிரித்திருக்கிறான் என்று தெரிந்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? வெட்கம். ஊர் பேர் தெரியாதவனுக்கும் தெரிந்துபோயிற்றே என்று. அவனுக்குத் தமிழ் தெரியாது என்று அப்புறம்தான் உறைத்தது. இவ்வளவுதான் உன் அண்ணன்.

அண்ணி எழுதியது அத்தனையும் உண்மை. இன்னும் ஒன்று அவளுக்குத் தெரியாது. வேலாயுதத்தை நான் சேர்த்துவிடவில்லை. அவனாக வந்து டேனரி கேட்டில் வரிசையில் நின்றான். என்னைப் பார்த்து, "எடம் இருக்குதா மேஸ்திரி?" என்று கேட்டான். காசி என்று கூப்பிட்டவன். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் பெயரை நான் படிக்க வேண்டும். சில நாள் அந்த வரியைத் தாண்டிப் படித்துவிட்டு, வந்ததாகக் குறித்துக்கொள்கிறேன். அவன் கால் சுண்ணாம்பில் வெந்து கிடக்கிறது. புண்ணுக்கு மருந்து எண்ணெய் கொண்டுபோய் அவன் துணிக்குப் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை.

பெரியவருக்கு இதைப் படித்துச் சொல். அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல். ரஷீத் அஹமது சாயபு மேல் தப்பில்லை என்றும் சொல்.

காசிநாதன்


ராடோம்
9-5-1982

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம். பட்டினி இல்லை, பயம் உண்டு, உடம்பு சரியாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.

உங்கள் கடிதத்தை அவருக்கு வரி வரியாகப் போலிஷில் சொன்னேன். சாயபு விஷயத்தில் நான் சொன்ன பொய்யையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே சூப் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். நாளைக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

பிறகு, "யூசெஃப் 63-ல் இறந்துவிட்டான்" என்றார். "எனக்கு அது தெரிய ஏழு வருஷம் ஆயிற்று. செத்துப்போனவனுக்கு நான் கை வரைந்துகொண்டிருந்தேன். அவன் வீடு எவ்வளவு தூரம் தெரியுமா? மூன்று தெரு. முப்பது கை வரைந்தவன் மூன்று தெரு நடக்கவில்லை." அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"உன் அண்ணனுக்கு அந்தக் கிணற்றுக்காரன் வீடு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். இரண்டு கொல்லை தள்ளி என்றேன். மேசையை ஓங்கிக் குத்தினார். கிண்ணம் கவிழ்ந்தது.

"பிறகு எனக்கு எதற்கு எழுதுகிறான்?" என்று கத்தினார்.

மன்னித்தார் என்று நான் பொய் எழுத மாட்டேன். அந்த நான்கு துணியையும் சுருட்டி மூலையில் வைத்துவிட்டார். இப்போது வரைவதில்லை. காலையில் ஏழு மணிக்கு எழுந்து சும்மா நிற்கிறார்.

என் படிப்பை நினைத்துத் தயங்க வேண்டாம். திரும்பி வர நேர்ந்தால் நானும் அந்தக் கேட்டில் வரிசையில் நிற்கிறேன்.

தங்கள்,
சம்பந்தம்


ஆம்பூர்
13-6-1982

தம்பி சம்பந்தத்துக்கு அண்ணன் எழுதுவது. அண்ணியும் சந்திராவும் நலம். என்னைப் பற்றி என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

உன் கடிதம் வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். இரண்டு கொல்லைதான். நடக்க நடக்க நீண்டுகொண்டே போனது. முதல் வரப்பில் ஒரு தடவை திரும்பிவிட்டேன். வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். மறுபடி நடந்தேன்.

கிணற்று மேட்டில் பத்துப் பதினொரு பேர் இருந்தார்கள். சுற்றுக் கொல்லைக்காரர்கள். அப்துல் வஹாப் வாத்தியார் இரண்டாவது மனு எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காகிதத்தை மடித்தார். வேலாயுதம் கால் புண்ணுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தான். மட்டை இல்லாமல் மொட்டையாக நிற்கிறது அவன் தென்னந்தோப்பு. இவ்வளவு நாளும் அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்காமலே வேலைக்குப் போய்வந்திருக்கிறேன்.

சொல்ல நினைத்து வந்ததெல்லாம் போய்விட்டது. நேராகப் போய் ஒரு சொம்பு மொண்டேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. முழுசாகக் குடிக்க முடியவில்லை, பாதியில் குமட்டியது. போன வருஷத்தைவிட மோசம்.

"உப்பு" என்றேன். "அன்னிக்கும் உப்புதான். நான் பொய் சொன்னேன்." சத்தமாகச் சொல்ல நினைத்தேன். எவ்வளவு சத்தம் வந்தது என்று தெரியாது.

வேலாயுதம் துணியை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினான். "இன்னா மேஸ்திரி, நாக்குல தெரிய உனுக்கு ஒன்ற வருஷம் ஆச்சா?" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குத் தேவலை.

தாசில்தாரிடம் நான் கொடுத்த வாக்குமூலம் பொய் என்று வாத்தியார் மனுவில் ஒரு பத்தி சேர்த்தார். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். திங்கட்கிழமை மனு போனது, செவ்வாய்க்கிழமை என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். உன் காகிதத்தில் இனிக் கையெழுத்து வராது. உன்னைக் கேட்காமல் உனக்காகக் குடித்தேன், உன்னைக் கேட்டுக்கொண்டு துப்பினேன். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

பெரியவரிடம் சொல், போய்விட்டு வந்தான் என்று. வேலாயுதம் மன்னித்தானா என்று கேட்டால், தெரியாது என்று சொல்.

ஆனால் ஒன்று நடந்தது. கையெழுத்துப் போட வாத்தியார் பேனாவை நீட்டினார். இருபது வருஷம் பேர் கூப்பிட்டு, பட்டியலின் தலைப்பில் கையெழுத்துப் போட்ட பழக்கம், என் கை தன்னால் தாளின் தலைப்புக்குப் போனது. வேலாயுதம் எழுந்து வந்து, சுண்ணாம்பு தின்ற விரலைத் தாளில் தன் பெயர் மேல் வைத்து அழுத்தினான்.

"மேல போடாத. என் பேருக்குக் கீழ போடு" என்றான்.

கீழே போட்டேன்.

காசிநாதன்